பார்த்தது மூன்று தவளை

எங்கள் விலங்கியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பேராசிரியர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆய்வகத்தில் ஒரு பெரிய திரையை மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு தவளை மல்லாந்து கிடந்தது. விரலால் தொட்டால் தோல் விலகுகிறது, மறுபடி தொட்டால் சதை விலகுகிறது, உள்ளே ஈரலும் குடலும் பெயரோடு தெரிகின்றன. மூலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் எல்லாம் மூடிக்கொண்டு தவளை பழையபடி முழுசாகிவிடுகிறது. நான் அந்தப் பொத்தானை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தேன்.

"முப்பது வருசத்துக்கு மேல தவளையோட இருந்தவரு நீங்க. தவளை சில நேரம் செத்த மாதிரி கெடக்குதே, அது ஏன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்கண்ணே. துறை மலர்ல போடலாம்" என்றார்.

"பாடம் மாதிரி எழுதணுமா சார், இல்ல நடந்ததை எழுதணுமா?"

"நடந்ததையே எழுதுங்க."

அவர் கேட்டதால் எழுதுகிறேன். படித்துவிட்டு மலருக்கு ஆகாது என்று சொன்னால் எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் தங்கராசு. சிறுவாச்சூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சிற்றூர் சொந்த ஊர். அப்பா, அம்மா இரண்டு பேரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பத்தாவது முடித்த கையோடு அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். முதலில் கூட்டிப் பெருக்குகிற வேலை. சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளால் காலையில் துடைத்த மேஜை மத்தியானம் வெள்ளையாகிவிடும். அப்படித் துடைத்துத் துடைத்தே விலங்கியல் ஆய்வகத்துக்குள் போய்விட்டேன். அங்கே இருந்த உதவியாளர் ஓய்வு பெற்றார். ஜாடிகளும் தவளைகளும் என் பொறுப்புக்கு வந்தன. பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

துறைத் தலைவர் வசந்தா மேடம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தினக்கூலிக்காரனையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். எல்லோரும் தவளையைத் தொட்ட பிறகு கை கழுவுவார்கள். அவர் தொடுவதற்கு முன்னாலும் கழுவுவார். ஏன் என்று கேட்டதற்கு, "நம்ம கையில இருக்கிற உப்பும் சோப்பும் அதுக்கு எரியும் தங்கராசு. அது தோலாலயே மூச்சு விடுது" என்றார். இன்னும் அரை மணி நேரத்தில் சாகப்போகிற தவளைக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் மனசுக்குள் சிரித்தேன்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், மயக்க மருந்துக்கே போகாத ஒரு தவளை தொட்டியில் மல்லாந்து கிடந்தது. குச்சியால் தள்ளினேன், அசையவில்லை. செத்துவிட்டது என்று குப்பை வாளியில் போட்டேன். மறுநாள் காலையில் அது மேடத்தின் மேஜை மேல், வருகைப் பதிவேட்டின் மீது உட்கார்ந்திருந்தது. மேடம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எப்ப செத்துச்சு?"

"நேத்து மேடம்."

"நல்லா தேறிடுச்சு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். அன்று அவர் சொன்னதுதான் உதவிப் பேராசிரியர் கேட்ட கேள்விக்கான பதில். என் பாஷையில் சொல்கிறேன்.

தவளையைப் பாம்போ கொக்கோ பிடித்தால் அது உடம்பை விட்டுவிடும். மல்லாத்திப் போட்டு வயிற்றை மெல்லத் தடவினாலும் அப்படித்தான். கை கால் விறைத்து அல்லது துவண்டு கிடக்கும். அது நடிப்பு என்கிறார்கள் சிலர். நடிப்பதற்கு அதற்கு அவ்வளவு மூளை இல்லை, பயத்தில் உடம்பே பூட்டிக்கொள்கிறது என்பார் மேடம். அசைகிறதைத்தான் பிடித்தவன் இரை என்று நினைப்பான்; அசையாததைச் சில நேரம் விட்டுவிடுவான். மார்கழிக் குளிரிலும் தவளை கல்லாகக் கிடக்கும். அதன் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது.

கோடைதான் பெரிய விஷயம். ஏரி வற்றும்போது பெருந்தவளை சேற்றுக்குள் இறங்கிவிடும். மேலே மண் காய்ந்து வெடிக்கும். அது கீழே கண்ணை மூடி, காலை மடக்கி, மண் நிறத்துக்கு மங்கிப் போய்க் கிடக்கும். சாப்பாடு இல்லை, மூச்சு இருக்கிறதா என்றே தெரியாது. மழைத்தண்ணீர் இறங்கித் தோலில் பட்டால்தான் எழும். இது எனக்கு மேடம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் ஊரில் கோடையில் ஏரி மண் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. நிஜமாகவே செத்த தவளையின் இதயம் வெகு நேரம் துடித்துக்கொண்டிருக்கும். காலில் நரம்பு இழுக்கும். அதனால் துடிக்கிறதே என்று உயிரோடு இருப்பதாக நினைக்கவும் கூடாது, கிடக்கிறதே என்று செத்ததாக நினைக்கவும் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பார்க்கிற முறை இது. குளோரோஃபார்ம் நனைத்த பஞ்சு போட்ட கண்ணாடி ஜாடியில் தவளையை விட்டு மூடி, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எடுத்ததும் குப்புறப் போட்டுத் தொண்டையை இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். ஈரத் தூரிகையால் கண்ணைத் தொட வேண்டும். உயிர் இருந்தால் கண் உள்ளே போகும். பிறகு கால்விரலை இடுக்கியால் அழுத்த வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், தலைக்குப் பின்னால் ஒரு குழிவு தட்டுப்படும், அங்கே ஊசியை இறக்கி மூளையைக் கலைக்க வேண்டும். அதன் பிறகு எந்த வலியும் அதைத் தொடாது. ஒவ்வொரு தவளைக்கும் பதிவேட்டில் ஒரு வரி, நேரம், என் கையெழுத்து. இந்தப் பதிவேடு வேறு எந்தக் கல்லூரியிலும் இல்லை. மேடம் தானே கோடு போட்டு உண்டாக்கியது.

தவளைகளை மேஜைக்குக் கொண்டு போகும்போது மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "பாத்துட்டீங்களா?" செத்துவிட்டதா என்று கேட்கமாட்டார். நான் "பாத்துட்டேன் மேடம்" என்பேன். பதினொரு வருடம் இப்படிப் போயிற்று.

பதினோராம் வருடம் என் பணி நிரந்தரக் கோப்பு நகர்ந்தது. முதல்வர் மேஜை வரை போய்விட்டது. துறைத் தலைவரின் நற்சான்று ஒன்றுதான் பாக்கி. தேர்வுகள் முடிந்ததும் எழுதுகிறேன் என்று மேடம் சொல்லியிருந்தார். நான் வீட்டுக்குள் நுழையும்போதே என் மனைவி செல்வி, "கையெழுத்து ஆச்சா?" என்பாள். இல்லை என்றால், "அந்தம்மா தவளைக்குப் பாக்குற நேரத்துல பாதி நமக்குப் பாத்தா ஆவாதா?" என்பாள். தினக்கூலிக்காரன் பெண்டாட்டி பேசுகிற பேச்சு அது, நான் தடுத்ததில்லை.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. வழக்கமாகக் கொள்ளிடக் கரையிலிருந்து ஈரக்கூடையில் பச்சைத் தவளை கொண்டுவருபவர், வாய்க்கால் எல்லாம் காய்ந்துவிட்டது, ஒன்றுகூட இல்லை என்று கைவிரித்தார். செவ்வாய்க்கிழமை செய்முறைத் தேர்வு. காலையில் பன்னிரண்டு பேர், பிற்பகலில் ஏழு பேர். தவளை இல்லாவிட்டால் தேர்வு தள்ளிப்போகும், என் நற்சான்றும் தள்ளிப்போகும். திங்கட்கிழமை விடிந்ததும் எங்கள் ஊர் ஏரிக்குப் போனேன். என் மைத்துனனும் நானும் கடப்பாறையும் மண்வெட்டியுமாக ஏரியின் தாழ்ந்த மூலையை வெட்டினோம். பத்தொன்பது பெருந்தவளை கிடைத்தன. எல்லாம் மண்ணுருண்டையாகத்தான் கிடந்தன. மைத்துனன் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து, "இதுங்களுக்கு இருக்கிற நிம்மதி நமக்கு இல்ல மச்சான்" என்றான்.

நனைந்த சாக்கில் கட்டி பஸ் ஏறினேன். திங்கட்கிழமை சிறுவாச்சூர்க் காளி கோயில் திறக்கும் நாள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சாக்கு அசுத்தமாக இருக்கிறது, உள்ளே வைக்கக்கூடாது என்று கண்டக்டர் பஸ் கூரை மேல் ஏற்றிவிட்டார். பெரம்பலூரில் பஸ் மாறியபோதும் அதே கதை. சித்திரை வெயில். அரியலூரில் இறக்கித் தொட்டுப் பார்த்தபோது சாக்கு காய்ந்து சுட்டது.

ஆய்வகத்தில் ஒரு காலித் தொட்டியில் கொட்டினேன். ஒன்றும் அசையவில்லை. தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க் காலையிலும் அப்படியே கிடந்தன. ஒன்றை எடுத்துத் தொண்டை, கண், விரல் மூன்றும் பார்த்தேன். செத்திருந்தது. இரண்டாவதும் செத்திருந்தது. மூன்றாவதும். வெயிலில் எல்லாமே போய்விட்டன என்று முடிவு கட்டினேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் மூன்று சோறு பார்த்தேனே என்று அப்போது எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. சோறு ஒரே அடுப்பில் ஒன்றாக வேகிறது. சாக்கில் மேலே கிடந்த தவளையும் நடுவில் கிடந்த தவளையும் ஒரே வெயிலை வாங்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. குளோரோஃபார்ம் பாட்டிலில் அடியில்தான் கொஞ்சம் இருந்தது. செத்ததற்கு எதற்கு மருந்து, செத்ததற்கு எதற்கு ஊசி என்று இரண்டையும் விட்டேன். பதிவேட்டில் பத்தொன்பது வரி எழுதிப் பத்தொன்பது கையெழுத்துப் போட்டேன். சோதித்த மூன்றையும் இன்னும் நான்கையும் தொட்டியிலேயே பிற்பகலுக்கு என்று விட்டுவிட்டு, பன்னிரண்டை மேஜைக்கு எடுத்துப் போனேன்.

"பாத்துட்டீங்களா?" என்றார் மேடம்.

"பாத்துட்டேன் மேடம்."

தவளையை அறுப்பது மெழுகு வார்த்த தட்டில். நாலு கால்களையும் விரித்துக் குண்டூசி குத்தி, உடம்பு முழுகும்படி தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதுதான் உறுப்புகள் மிதந்து தனித்தனியாகத் தெரியும். நானே பன்னிரண்டு தட்டிலும் தண்ணீர் ஊற்றினேன். ஏரியில் மழை செய்யவேண்டிய வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

திருச்சியிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னலோரம் கடைசித் தட்டில் பர்வீன். லப்பைக்குடிக்காட்டுப் பெண், அப்பா குவைத்தில். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். படம் வரைவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வயிற்றுத் தோலை நேராகக் கீறி இரண்டு பக்கமும் விலக்கிக் குத்தியிருந்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இது கண்ணு தெறந்திருக்குண்ணே. மொதல்ல மூடியிருந்துச்சு."

நான் குனிந்து பார்த்தேன். திறந்துதான் இருந்தது. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இதுநாள் வரை யாரிடமாவது சொல்லியிருந்தால் அது பொய்.

"தண்ணி பட்டா அப்படி ஆவும்மா. செத்தாலும் நரம்பு இழுக்கும், இதயம் துடிக்கும். மேடம் சொல்லியிருக்காங்கல்ல? பயப்படாம வெட்டு."

"நீங்க பாத்துட்டீங்கதானே?"

"பாத்துட்டேன்மா."

"சரிண்ணே" என்று கத்தரிக்கோலை எடுத்துச் சதையை வெட்டினாள். தவளையின் பின்னங்கால் குண்டூசியைப் பிடுங்கிக்கொண்டு மடங்கியது. தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. அவள் கத்தவில்லை. கத்தரிக்கோலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மேடம் வந்தார். வெளித்தேர்வாளரும் வந்து எட்டிப் பார்த்து, "வெறும் நரம்புத் துடிப்புதான் மேடம். நேரமாவுது, தொடரச் சொல்லுங்க" என்றார். எனக்கு வழி திறந்துவிட்டார் மனிதர். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று மாலையே செல்வியிடம் கையெழுத்து ஆகிவிட்டது என்று சொல்லலாம்.

மேடம் தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "தங்கராசு, பாத்துட்டீங்களா?"

இரண்டாவது தடவை கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"மூணுதான் மேடம் பாத்தேன்."

"இதைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

மேடம் ஊசியை எடுத்தார். பர்வீனின் தவளையைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தலையை விரலால் தாழ்த்தி, ஒரே இறக்கு. அது முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார். "எல்லாரும் கத்தரிக்கோலை வைங்க" என்றார். வெளித்தேர்வாளர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "அப்புறம் பேசலாம் சார்" என்று அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

பன்னிரண்டு தட்டையும் வரிசையாகப் பார்க்கச் சொன்னார். அவர் கூடவே நின்றார். தொண்டை, கண், விரல். பர்வீனுடையதைச் சேர்த்து ஏழு உயிரோடு இருந்திருக்கின்றன. அவற்றில் ஐந்து ஏற்கெனவே வெட்டுப்பட்டவை. வெட்டுப்பட்டதில் மீதி நான்குக்கும் என்னையே ஊசி போடச் சொன்னார். முதல் தடவை அவசரத்தில் எனக்குக் குழிவு தட்டுப்படவில்லை. "நிதானமா பண்ணுங்க. இப்ப அவசரப்பட்டா அதுக்குத்தான் வலி" என்றார். இரண்டு வெட்டுப்படாமல் முழுசாக இருந்தன. தொட்டியில் விட்டிருந்தவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியதில் மூன்று அசைந்தன. அந்த ஐந்தையும் கல்லூரிக்குப் பின்னால், சுண்ணாம்புக்கல் எடுத்த பழைய பள்ளத்தில் நின்ற தண்ணீரில் கொண்டுபோய் விட்டேன். பிற்பகல் தேர்வு நடக்கவில்லை. காலையில் வந்தவர்களுக்கு ஜாடிகளில் பாடம் செய்து வைத்திருந்த உறுப்புகளைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். பர்வீன் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாலையில் மேடம் பதிவேட்டை என் முன்னால் விரித்தார். நான் பேனாவால் கிறுக்கப் போனேன்.

"அழிக்காதீங்க. படிக்கிற மாதிரி ஒரு கோடு மட்டும் போடுங்க. பக்கத்துல நடந்ததை எழுதுங்க."

'மூன்று மட்டும் சோதித்தேன். மற்றவற்றைச் சோதிக்காமல் கையெழுத்திட்டேன்' என்று எழுதினேன். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

"மேடம், என்னோட ஃபைல்..."

"அதுலயும் இதைத்தான் எழுதணும் தங்கராசு. வேற என்ன எழுதட்டும், சொல்லுங்க."

கோப்பு திரும்பி வந்தது. மறுபடி நகர இரண்டு வருடம் ஆனது. செல்வி நாலு நாள் என்னோடு பேசவில்லை; அந்தம்மாவை மட்டும் ஒரு வாரம் வைதாள். எனக்கும் மேடத்தின் மேல் கோபம் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் சரியாகிவிட்டது, வாயை மூடியிருக்கலாம் என்று பல நாள் நினைத்ததுண்டு. பிறகு அவரேதான் நற்சான்றும் எழுதினார், நல்ல வார்த்தைகளில். கோபம் பாதி போயிற்று. மீதி இன்னும் இருக்கிறது. அவர் செய்தது சரி என்பதும் எனக்குத் தெரியும்.

பல வருடம் கழித்துத் தவளை அறுப்பதையே நிறுத்தச் சொல்லி மேலிடத்து ஆணை வந்தது. ஜாடிகளை நானே கழுவிக் கவிழ்த்தேன். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வருடத்து ஜூன் மாதம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால், நடந்ததை எழுதியதாக ஆகாது. பர்வீன் டி.சி. வாங்க வந்திருந்தாள். அவள் அம்மா வெளியே வேப்பமர நிழலில் நின்றிருந்தார். ஆய்வகத்தில் பாக்கி இல்லை என்று நான்தான் சீட்டில் முத்திரை வைக்க வேண்டும். வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"மேடம் கேட்டப்ப உண்மையச் சொல்லிட்டீங்க. அதுக்கு முன்னாடி நான் கேட்டேன்ல, எங்கிட்ட ஏன்ணே சொல்லல?"

அவள் குரலில் கோபம் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. அவளிடம் இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மேடத்துக்கிட்ட பொய் சொல்லி மாட்டுனா வேலை போயிடும்னு பயம்மா. உங்கிட்ட பொய் சொன்னா என்ன போயிடப்போவுதுன்னு நெனச்சிட்டேன்."



"தவளைக்குப் போச்சுல்லண்ணே. வெட்டுனது என் கை" என்றாள்.

சீட்டை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள்.